பதில் மணி வராமல் நகராதவள்

செய்தி வந்தபோது நான் மாரிகுப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, எதிர் சீட்டில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தேன். அது கௌதமியின் இடம். வண்டி புறப்படும் நேரம் நெருங்கியும் ஆளைக் காணோம். திட்டுவதற்கு வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது அவள் கணவர் தயாளனிடமிருந்து போன் வந்தது.

"சேகரு, கௌதமி போயிட்டாப்பா. விடிகாலைல எழுந்து காபி கலந்துகினு இருந்தா. அப்டியே சாஞ்சிட்டா. ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போனோம், இல்லன்ட்டாங்க."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். தயாளன், "இன்னா சொன்னேன்? திருப்பிச் சொல்லு" என்றார்.

"கௌதமி போயிட்டா" என்றேன். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் அவளோடு பயணம் செய்த உங்களில் பலருக்குச் செய்தி தெரிந்தது அப்படித்தான். ராபர்ட்சன்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்திருக்கிற ஒரு சாதுவான மனிதரை, மனைவி இறந்த செய்தியைக்கூடத் திருப்பிச் சொல்லச் சொல்கிறவராக மாற்றி வைத்திருந்தாள் அவள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல்தான்.

நம் புத்த விகாரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் நினைவுக் கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன். முறைப்படி 'அவர்' என்று எழுத வேண்டும். நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே ரயிலில் போய், ஒரே ஆய்வுக்கூடத்தில் தலைநரைக்கும்வரை சண்டை போட்டவர்கள். 'டாக்டர் கௌதமி அவர்கள்' என்று எழுதினால் முதலில் சிரிப்பவள் அவள்தான். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பிச் சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் அப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயிலில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜுக்கு மணி அடித்தவர். கேஜில் ஆள் ஏறப்போகிறது என்றால் மூன்று மணி. அதைக் கேட்டு, கேஜை இயக்கும் எஞ்சின் ரூமில் இருப்பவர் அதே மூன்று மணியைத் திருப்பி அடிப்பார். பதில் மணி வராதவரை ஒருவரும் கேஜில் கால் வைக்கக் கூடாது. அது ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைக் காத்த ஏற்பாடு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சுரங்கத்தை மூடிப் பல வருடம் ஆன பிறகும், பெங்களூரில் குளிர்சாதன அறையில் சோதனைக்குழாயோடு நின்றுகொண்டு ஒரு பெண்மணி பதில் மணி கேட்டால் என்ன செய்வது? "டீ வேணுமா?" என்று கேட்டால் "டீ வேணுமான்னு கேக்கற. வேணும்" என்பாள். அந்த டீ வருவதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

எங்கள் வேலை என்ன என்று ரயிலில் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எச்.ஐ.வி. வைரஸிடம் ஒரு நொதி இருக்கிறது. வைரஸின் மரபுப் பொருளை நம் செல்லின் மரபுப் பொருளோடு தைத்துவிடுவது அதன் வேலை. அந்த நொதி தனியாக வேலை செய்யாது. நான்கு நான்காகக் கூடினால்தான் தையல் நடக்கும். அந்தக் கூட்டணியைப் பிரிக்கக்கூடிய ஒரு சின்ன மூலக்கூறைக் கண்டுபிடிப்பதுதான் என் திட்டம். கணினித் திரையில் நொதியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எந்தப் பள்ளத்தில் எது போய் உட்காரும் என்று கணக்குப் போடுவது நான். அதை நிஜத்தில் கலந்து பார்ப்பது அவள். என் கணக்குப்படி தேறிய மூலக்கூறுக்கு, அளவில் சின்னது என்பதால், 'குட்டி' என்று பெயர் வைத்திருந்தோம்.

ஒருநாள் கையில் ஒரு குழாயோடு என் மேசைக்கு வந்தாள். உள்ளே நீர்மோர் மாதிரி கலங்கியிருந்தது.

"உன் குட்டி பிரிக்கல சேகரு. சேக்குது."

"என்ன உளர்றே? பிரிக்கணும். கணக்குல பிரிக்குது."

"கணக்குல பிரிக்குதுன்ற. குழாய்ல சேக்குது. நாலு நாலா இருந்ததெல்லாம் கும்பல் கும்பலா ஒட்டிகினு கீது. நீயே பாரு."

குழாய் அழுக்கு என்றேன். தண்ணீர் சரியில்லை என்றேன். பழைய சரக்கு என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் மாற்றிச் செய்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அதே கலங்கலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். என் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை.

பிறகுதான் எங்களுக்கே விஷயம் உறைத்தது. நொதி அளவுக்கு மீறிக் கூடினாலும் வைரஸுக்குக் கேடுதான். அவள் இதை ரயிலில் ராணியக்காவுக்கு விளக்கியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஒயிட்ஃபீல்டில் தையல் கம்பெனி வேலைக்குப் போகிற ராணியக்கா ஒருநாள் நேராகவே கேட்டார்: "இன்னாம்மா இது, மருந்துன்னா கிருமிய சாவடிக்கணும். உங்க மருந்து அதுங்கள கூட்டு சேக்குதுன்றியே?"

"அக்கா, கேரம் போர்டுக்கு எத்தினி பேரு?"

"நாலு பேரு."

"அதே போர்டச் சுத்தி நாப்பது பேரு உக்காந்துகினா?"

"ஆட்டம் எங்க நடக்கும்? அடிதடிதான் நடக்கும்."

"அவ்ளோதான்கா எங்க மருந்து."

பெட்டியே சிரித்தது. நான் கருத்தரங்குகளில் படம் படமாகப் போட்டு விளக்கி யாருக்கும் புரியாத விஷயம். அவள் சொன்னது முழுக்க உண்மை. செல்லுக்குள் புது வைரஸ் உருவாகும் நேரத்தில் குட்டி உள்ளே இருந்தால் நொதிகள் கண்டபடி ஒட்டிக்கொள்கின்றன. வைரஸின் புரத ஓட்டுக்குள் போக வேண்டிய மரபுப் பொருள் அதற்கு வெளியே நின்றுவிடுகிறது. அப்படிப் பிறக்கும் வைரஸ் அடுத்த செல்லுக்குள் போய் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வகை மூலக்கூறுகள் வெளிநாட்டில் ஏற்கெனவே தெரிந்தவைதான். எங்கள் குட்டி உட்கார்ந்தது வேறு பள்ளம். அது நிஜமாக இருந்தால், மற்ற மருந்துகளுக்கு அடங்காத வைரஸுக்கும் ஒரு வழி பிறக்கலாம். எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையிலும் உருப்படியான கண்டுபிடிப்பு என்றால் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நிஜமா என்பதுதான் கேள்வி. சில மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே திரண்டு, பக்கத்தில் இருக்கிற புரதத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு கலங்கும். பார்க்க மருந்து மாதிரி இருக்கும், பக்கா ஏமாற்று. அதைக் கண்டுபிடிக்க, சோப்பு போன்ற ஒரு திரவத்தை ஒரு துளி விடுவோம். போலி என்றால் கலங்கல் கரைந்துவிடும். எங்கள் குழாயில் விட்டோம். கரையவில்லை. ஆய்வுக்கூடமே துள்ளியது. இயக்குநர் மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார்.

கௌதமி மைசூர்பாகைக் கையில் வாங்கி, தின்னாமல் ஒரு காகிதத்தில் மடித்து வைத்தாள். "இது நாம அடிச்ச மணி. எஞ்சின் ரூம்லருந்து இன்னும் வரலியே" என்றாள். இயக்குநர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் எரிச்சல் வந்தது.

அவள் கேட்ட பதில் மணி இது. குட்டி உட்காரும் பள்ளத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி, வேறொரு நொதியைச் செய்ய வேண்டும். அதில் குட்டிக்கு உட்கார இடம் இருக்காது. அந்த மாற்றிய நொதியோடு கலந்தும் கலங்கினால், இத்தனை நாள் பார்த்ததெல்லாம் வெறும் அழுக்கு. தெளிவாகவே இருந்தால் எங்கள் கண்டுபிடிப்பு நிஜம். சோதனை சரியானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாற்றிய நொதி கைக்கு வந்தால்தானே! பாக்டீரியாவில் வளர்த்தால் கட்டி கட்டியாக உறைந்து அடியில் தங்கியது. சூட்டைக் குறைத்துப் பார்த்தாள், உப்பை மாற்றினாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மாதங்கள் ஓடின. இதே வேலையில் இறங்கியிருந்த மற்றவர்கள் முந்திக்கொண்டால் எங்கள் பாடு அம்போதான் என்று இயக்குநர் குதித்தார். சோதனையைப் பிறகு செய்யலாம், இருப்பதை வைத்துக் கட்டுரையை அனுப்பிவிடலாம் என்று நானும் கெஞ்சினேன்.

"என் பேர் போடாம அனுப்பு" என்றாள்.

அவள் பெயர் இல்லாமல் அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? நான் அனுப்ப மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னாள். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்தக் காலத்தில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல நொதி ஒரு தொகுதி தயாராகியிருந்தது. கீழ்த்தளத்திலிருந்து போன் செய்தாள்: "நொதி ஐஸ்ல கீது. மெஷின சூடு பண்ணி வை, எடுத்துகினு வரேன்." கலங்கலை அளக்கும் அந்த மெஷினைத் தயார் செய்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். "சரி" என்று வைத்துவிட்டேன். அவளுக்கு 'சரி' போதாது. "மெஷின் தயார்" என்று நான் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். நான் சொல்வேன் என்று அவள் கீழே காத்திருந்தாள். அவள் வருவாள் என்று நான் மேலே காத்திருந்தேன். கூப்பிட்டுக் கேட்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. சாப்பாட்டு நேரமும் போனது. நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது ஐஸ் முழுக்கத் தண்ணீர், குழாயின் அடியில் நொதி வெள்ளையாகத் திரிந்து கிடந்தது, அவள் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் வரல?" என்று கத்தினேன்.

"நீ ஏன் சொல்லல?" என்றாள்.

தப்பு அவளுடையதுதான். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஷாஃப்டில் இதே மாதிரி இரண்டு பேர் நின்றிருந்தால் அந்த ஷிஃப்ட் ஆட்கள் எல்லாரும் பாதாளத்திலேயே கிடந்திருப்பார்கள். ஊர் திரும்பும் வண்டியில் பங்காரப்பேட்டை வரை பேசவில்லை. பங்காரப்பேட்டையில் வடை வாங்கி, ஒன்றை என் பக்கம் நீட்டி, "வடை சூடா கீது" என்றாள். நான் வாங்கிக்கொண்டு, "வடை சூடா கீது" என்று திருப்பிச் சொன்னேன். அத்தோடு சமாதானம்.

அவள் இறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அதே வண்டியில், பையை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "மாத்தின என்சைம் வந்துச்சி சேகரு. தண்ணி மாதிரி வந்துகீது. உறைபெட்டில வெச்சிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்ப?"

"மத்தியானம்."

"மத்தியானமா? அப்பவே குட்டியைக் கலந்து பார்த்திருக்கலாமே! ஒரு மணி நேர வேலை!"

"காலைலருந்து நின்னுகினே இருந்தேன், கண்ணெல்லாம் எரியுது. டயர்டா கீற ஆளு மணி அடிக்கக் கூடாதுன்னு எங்க நைனா சொல்லும். திங்கக்கெழம பாக்கலாம். திருப்பிச் சொல்லு."

"இத்தனை நாள் காத்திருந்து..."

"திருப்பிச் சொல்லு சேகரு."

"திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிப் போனாள். திங்கட்கிழமை காலையில் தயாளனின் போன் வந்தது.

அடக்கம் முடிந்து நான் ஆய்வுக்கூடம் போகச் சில நாள் ஆனது. உறைபெட்டியில் அவள் கையெழுத்தில் பெயர் ஒட்டிய குழாய்கள் ஒழுங்காக நின்றன. வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள் என்றார் இயக்குநர். நான் விடவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்தே பழகிய கை, துளி அளக்கும் பைப்பெட்டைப் பிடித்துப் பல வருடம் ஆகிறது. ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொன்னேன். பதில் சொல்ல ஆள் இல்லாததால் நானே திருப்பியும் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

மாற்றாத நொதியில் குட்டியைக் கலந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர்மோராகக் கலங்கியது. மாற்றிய நொதியில் கலந்தேன். தெளிவாக இருந்தது. காத்திருந்தேன். தெளிவாகவே இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது குழாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் தெரிந்தது. மெஷினில் வைத்துப் பார்த்தேன், அதுவும் அதையே சொன்னது. புதிதாக எடுத்து மறுபடி செய்தேன். மாற்றம் இல்லை.

பதில் மணி வந்துவிட்டது. அவள் கேட்ட அதே மணி, அவள் கேட்ட விதத்தில். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் நின்றிருந்தால் இதைத் தன் கண்ணால் பார்த்திருப்பாளே! காகிதத்தில் மடித்து வைத்த அந்த மைசூர்பாகு மாதிரி எல்லாவற்றையும் பிறகு என்று தள்ளிவைக்க இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு, அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, வெகு நேரம் அழுதேன்.

பிறகு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தயாளனைக் கூப்பிட்டேன். கடையில் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, மாத்தாத என்சைம் கலங்கிடுச்சி. மாத்தினது தெளிவா கீது."

"மாத்தினது கலங்கிடுச்சி..."

"இல்லண்ணே! மாத்தாதது கலங்கிடுச்சி!"

"இருப்பா, கத்தாத. மாத்தாதது கலங்கிடுச்சி. மாத்தினது..." அங்கேயே நின்றுவிட்டார். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"மாத்தினது தெளிவா கீது" என்றார். "அப்போ அவ சொன்னது சரியாப்பா?"

"அவ சொன்னது சரிதாண்ணே."

"அவ சொன்னது சரி" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

கட்டுரை தயாராகிக்கொண்டிருக்கிறது, அவள் பெயர்தான் முதலில். குட்டி மருந்தாகுமா ஆகாதா என்பது இன்னும் எத்தனையோ சோதனைகளுக்கு அப்பால் இருக்கிறது, அதைப் பற்றி வீண் நம்பிக்கை கொடுத்தால் அவளே எழுந்து வந்து சண்டை போடுவாள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கெட்ட பழக்கம் மட்டும்தான். வீட்டில் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால்கூடத் திருப்பிச் சொல்கிறேன். மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். போனை வைக்கும்முன் எதிராளியும் சொல்ல வேண்டும் என்று நிற்கிறேன், சொல்லாவிட்டால் எரிந்து விழுகிறேன். இந்தத் தொல்லையை என் தலையில் கட்டிவிட்டு அவள் நிம்மதியாகப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விகாரில் இதை நான்தான் வாசிக்கப்போகிறேன். வாசித்து முடித்ததும் தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம், எழுந்து மௌனமாக நிற்கவும் வேண்டாம். "கௌதமி சொன்னது சரி" என்று உங்களில் ஒருவராவது திருப்பிச் சொல்லுங்கள். அதுவரை நான் மேடையைவிட்டு இறங்க மாட்டேன்.